பேரும் அரைப்பேரும்

2014ஆம் ஆண்டு, ஆடி மாதம். பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியை அடுத்த மலைச்சரிவொன்றில் அமைந்த பாடசாலையிலே, பத்தாம் வகுப்பு மாணவர்க்குத் திருக்குறளில் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே கச்சான் காற்று தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது. வள்ளுவர் துலாக்கோலை உவமையாக எடுத்தாளும் இடம் வந்ததும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பரிமேலழகர் உரையையும் அதற்கு என் உரையையும் சேர்த்துச் சற்று நீட்டியே பேசினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, தராசு சரியாத்தான் நிறுக்குது. ஆனா எத்தன கிலோவுக்கு ஒரு பேருன்னு தராசா சொல்லுது?" என்றாள்.

வகுப்புச் சிரித்தது. யானும் ஏதோ சொல்லிச் சமாளித்துப் பாடத்தை முடித்தேன். கீழைத்தேயக் கல்லூரியொன்றிலே இலக்கண இலக்கியங்களைப் பயின்று, உரைகாரர் எழுவரை உரையோடு ஒப்பிடக் கற்றவனுக்கு, அந்தப் பிள்ளையின் வினாவுக்கு அன்று விடை தெரியவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்திலே பிறந்தவன் யான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். இல்லையேல் என் நாணத்தின் அளவு வாசகர்க்குப் புலப்படாது.

பேர் என்னும் சொல்லை முதலில் விளக்கிவிடுகிறேன். பெயர் என்பதன் மரூஉ அது என்பதை யாவரும் அறிவர். பேர் என்றால் புகழ் என்றும் பொருள்படும்; பேர் சொல்லும் பிள்ளை என்கிறோம். தோட்டத்திலோ பேர் என்றால் ஒரு நாட்கூலி. விடியற்காலையில் பெரட்டுக்களத்திலே பெயர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு மலை பிரித்து அனுப்புவர். மாலையிலே செக்ரோலில் அவரவர் பெயருக்கு நேரே அன்றைய வேலை குறிக்கப்படும். ஆதலால் 'இன்றைக்குப் பேர் விழுந்ததா?' என்றால் முழுநாட் சம்பளம் பதிவாயிற்றா என்பதே பொருள். குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவர்க்கு விழுவது அரைப்பேர். ஞாயிறு முதலிய விடுமுறை நாள்களிற் பறித்த கொழுந்துக்குக் கிலோக் கணக்கிற் கொடுப்பது கைக்காசு. பேர், அரைப்பேர், கைக்காசு என்னும் இம்மூன்று சொற்களுள் ஒரு குடும்பத்தின் மாத வாழ்வு அடங்கிவிடுகிறது. வேறெங்கேனும் ஒரு மனிதனின் பெயரைப் பாதியாக வெட்டி எழுதும் வழக்கம் உண்டோ, யான் அறியேன்.

கூலி என்ற சொல்லும் பழஞ்சொல்லே. ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் அதனை உயர்ந்த பொருளிலேயே ஆண்டிருக்கிறார். அது கப்பலேறி வெள்ளையர் வாயிற் புகுந்து, உழைத்த பயனைக் குறிப்பதை விட்டு, உழைத்த மனிதனையே குறிக்கும் வசைச்சொல்லாய்த் திரும்பி வந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் ஒரு சாரார் கூறுவர். நிற்க.

கொழுந்து பறிக்கும் பெண் ஒருநாளிற் பறிக்கவேண்டிய அளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். பதினாறு கிலோ, பதினெட்டு கிலோ என்பன நெடுநாள் வழங்கிய கணக்குகள். காலை, நண்பகல், மாலை என மும்முறை நிறுவை நடக்கும். சாக்கின் பாரத்துக்கென்றும், மழைநாளாயின் இலையில் ஒட்டிய நீருக்கென்றும் சிறிது கழிப்பர். எஞ்சியதைக் கூட்டிப் பார்த்து நிறை எட்டியிருந்தாற் பேர்; எட்டாவிட்டால் அரைப்பேர். நிறைக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு உண்டு.

கேட்பதற்கு இது நேரிய முறையாகவே தோன்றும். உழைத்தவனுக்கு உழைத்த அளவு. இதில் என்ன குறை? மலைக்குப் போய்ப் பார்த்தாலன்றிக் குறை தெரியாது. கங்காணி காலையில் நிரை பிரித்துக் கொடுக்கிறார். ஒருத்திக்கு வாய்க்கும் நிரையிலே செடிகள் செறிந்து நிற்கும். அடுத்தவளின் நிரையிலே பட்ட செடிகளும் வெற்றிடமும் கற்பாறையுமாக இருக்கும். நூறாண்டு கடந்த விதைத் தேயிலை மலை ஒன்று. பதியன் கன்றுகளால் நட்ட, வீ.பீ. என்று மக்கள் கூறும் புதுத் தேயிலை மலை மற்றொன்று. பின்னதில் நண்பகலுக்குள்ளேயே பாதி நிறை நிரம்பிவிடும். முன்னதில் மாலைவரை குனிந்து நின்றாலும் கூடை நிரம்பாது. இரண்டுக்கும் ஒரே நிறை வைத்தால், தராசு பொய் சொல்லாது. ஆயினும் நியாயம் பொய்த்துவிடும். மலையைப் பார்த்து, பருவத்தைப் பார்த்து நிறையைக் கூட்டிக் குறைக்கும் தோட்டங்களும் உண்டு என்பதை மறைக்கலாகாது. ஆனால் அதனை யார் முடிவு செய்கிறார், எப்பொழுது சொல்கிறார் என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது.

ஊவா மாகாணத்துக்கே உரிய ஒரு விந்தையும் உண்டு. ஆடி முதற் புரட்டாதி வரையில், மேற்கே மழையைப் பொழிந்துவிட்டு வெறுங்காற்றாய் மலையைக் கடந்து வரும் கச்சான், பண்டாரவளை, எல்ல, தெமோதரை, பதுளை, நமுனுக்குலைப் பக்கமெல்லாம் வரட்சியாய் வீசும். அக்காற்றுப் பட்ட செடி வளர்ச்சி குன்றி, உள்ளே தன் சாரத்தைத் திரட்டிக்கொள்ளும். உலகம் ஊவாத் தேயிலை என்று போற்றும் அந்தத் தனி மணமும் சுவையும் பிறப்பது இக்காலத்தில்தான். கொழும்பு ஏலத்தில் இதற்கு உயர்ந்த விலை கிடைப்பதும் இக்காலத்தில்தான். கொழுந்து அருகுவதும், கூடை நிரம்பாமற் போவதும், அரைப்பேர் மலிவதும் அதே காலத்தில்தான்! இலையின் விலை ஏறும் பருவத்தில் இலை பறித்தவளின் பேர் பாதியாகிறது. நிறையை மாத்திரம் அளந்து மணத்தை அளவாத தராசினால் வந்த வினை இது. என் மாணவி ஆடி மாதத்திலே அவ்வினாவை எழுப்பியது தற்செயலன்று என்பதைப் பிற்பாடே உணர்ந்தேன்.

கூலியிலே படிகள் அமைப்பது தோட்டத்தில் நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. பெரிய கங்காணி அரசோச்சிய நாள்களில், தன் ஆட்களில் எத்தனைபேர் வேலைக்கு வந்தனரோ அத்தனை தலைக்கும் அவருக்குப் 'பென்ஸ் காசு' கிடைத்தது. ஒருவன் காய்ச்சலிற் படுத்தால் நட்டம் இருவர்க்கு. ஆதலால் காய்ச்சற்காரனைப் படுக்கையிலிருந்து எழுப்ப ஒருவர் தடியோடு வருவதிலே வியப்பில்லை. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலியை வகுத்தது. 1929இல் அது நடைமுறைக்கு வந்தபோது உயர்மலைப் பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம் என ஏற்பட்டது. இடைநாட்டுக்கும் தாழ்நாட்டுக்கும் இதனினும் குறைவு. ஒரே குடும்பத்தில் மூன்று விலை. 1941இல் சம்பள நிருணய சபைகளுக்கான கட்டளைச் சட்டம் வந்த பின்னரும் ஆண் பெண் வேற்றுமை தொலையவில்லை.

அதனை யான் ஏட்டிலே படித்தவனல்லன், வீட்டிலே பார்த்தவன். என் தந்தையார் கவ்வாத்து வெட்டுபவர். கடுமையான வேலைதான், ஆயினும் கொடுத்த அளவை முடித்துவிட்டால் ஒரு மணி, இரண்டு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார். தாயாரோ மாலை நிறுவை முடிந்து, தொழிற்சாலைக்குக் கொழுந்து போனபின், இருட்டோடு வந்து அடுப்பு மூட்டுவார். சம்பள நாளிலே இருவர் சம்பளத்தையும் தந்தையாரே கைநீட்டி வாங்குவார். அக்காலத்து வழக்கம் அது. தாயாரின் நாட்கூலி தந்தையாரின் நாட்கூலியினும் குறைவு. 'ஏனம்மா உங்களுக்குக் குறைவு?' என்று ஒருமுறை கேட்டேன். 'பொம்பளப் பேரு அவ்வளவுதான்' என்றார். அதில் ஒரு முறையீடும் இருக்கவில்லை. பிறந்தது முதற் கண்ட படியைப் படி என்று அறியாதவர் குரல் அது.

1984ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடி நடத்திய வேலைநிறுத்தத்தின் பயனாக ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்று ஏற்பட்டது. எனக்கு அப்பொழுது பதின்மூன்று வயது. தாயார் அன்று ஒன்றும் பேசவில்லை. சில மாதங்கள் கழித்து, தந்தையார் இரண்டு மணிக்கு வந்து திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு நாளில், 'இப்ப ரெண்டுபேர் பேரும் ஒண்ணுதானே? நான் மட்டும் ஏன் அஞ்சு மணிவரைக்கும் நிக்கணும்?' என்றார். கூலி வேறாயிருந்த காலத்திற் கேட்கத் தோன்றாத கேள்வி, கூலி ஒன்றானபின் தோன்றிற்று. தந்தையாருக்கோ எதிர்மாறான மனக்குறை. தம் கூலி ஒரு சதமும் குறையாதிருக்கவும், ஏதோ குறைந்துவிட்டதுபோலச் சிலகாலம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மனிதர் தம் கூலியைத் தம் கையிலே வைத்து எண்ணுவதில்லை. அடுத்தவர் கையோடு சேர்த்தே எண்ணுகின்றனர்.

மேனாட்டு உளநூலார் இதனைப் பற்றி நிரம்ப எழுதியிருக்கின்றனர். ஸ்டேசி அடம்ஸ் என்பார் 1963இல், ஒருவன் தன் உழைப்புக்கும் ஊதியத்துக்கும் உள்ள விகிதத்தை மற்றவனின் விகிதத்தோடு ஒத்துப் பார்த்தே நியாயம் அநியாயம் என்று தீர்க்கிறான் என எடுத்துரைத்தார். 2003இல் சாரா பிராஸ்னன், பிரான்ஸ் டி வால் என்னும் இருவர் குரங்குகளைக்கொண்டு செய்த ஆய்வு இன்னும் சுவையானது. கல்லொன்றைக் கொடுத்தால் வெள்ளரித் துண்டு கிடைக்கும் என்று பழக்கினர். குரங்கும் மகிழ்ச்சியோடு தின்று வந்தது. அயற் குரங்கு அதே கல்லைக் கொடுத்துத் திராட்சை பெறுவதைக் கண்டதும் வெள்ளரியை வாங்க மறுத்தது. சில வேளை வீசியும் எறிந்தது. அவ்வாய்வுக்கு மறுப்புகளும் பின்னர் எழுந்தன. குரங்கின் மனத்தைக் குரங்கே அறியும். எனினும் எங்கள் லயத்து மனிதரைப் பற்றி யான் கண்டது ஒன்று உண்டு. அவர்கள் திராட்சை பெற்றவளை வெறுத்து விடுகிறார்கள். கொடுத்த கையை அவர்கள் காண்பதேயில்லை.

அதனை எனக்குக் கற்பித்த நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

அவ்வாண்டு மூன்றாந் தவணை தொடங்கியதும் பெற்றோர் கூட்டம் ஒன்று கூட்டினோம். புதன்கிழமை, காலை பத்து மணி. வந்தவர் மிகச் சிலர். வினா எழுப்பிய அம்மாணவியின் தாயாரும் வரவில்லை. மறுநாள் வகுப்பிலே, எல்லார் முன்னிலையிலும், 'மகளின் படிப்பைக் காட்டிலும் உன் அம்மாவுக்குக் கொழுந்து பெரிதாய்ப் போயிற்றோ?' என்று கேட்டேன். ஆசிரியர்கள் வழக்கமாய்ச் சொல்லும் வார்த்தைதான். சொல்லிவிட்டு மறந்தும் போனேன். அம்மாதக் கடைசியில், யான் அழைக்காமலே, ஒரு வேலைநாட் காலையில் அத்தாயார் பாடசாலைக்கு வந்தார். நல்ல சேலை உடுத்தியிருந்தார். மகளின் புள்ளிகளைக் காட்டினேன். 'நல்லாப் படிக்க வையுங்க ஐயா' என்று சொல்லிப் போனார். என் சொல்லுக்குப் பலன் கிடைத்தது என்று யான் உள்ளூரப் பெருமைப்பட்டதையும் ஒளியாமற் சொல்கிறேன்.

அடுத்த மாதம் சம்பளம் போட்ட மறுநாள், அந்தப் பெண் தாயாரின் சம்பளச் சிட்டையைக் கொண்டுவந்தாள். கணித ஆசிரியர் விடுமுறையில் இருந்தார். 'ஐயா, இது ஏன் இவ்வளவு கொறஞ்சிருக்குன்னு அம்மா கேக்கச் சொன்னாங்க' என்றாள்.

அக்காலத்திலே நடைமுறையில் இருந்தது 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தம். தொழிற்சங்கத் தரப்பினரும் இலங்கை முதலாளிமார் சம்மேளனமும் இரண்டாண்டுக்கு ஒருமுறை அந்நாள்களிற் செய்துகொண்டுவந்த ஒப்பந்த வரிசையில் ஒன்று. நாட்சம்பளம் 620 ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அது மூன்று படியாலானது. அடிப்படைச் சம்பளம் 450 ரூபாய். விலைப்பங்குக் கொடுப்பனவு 30 ரூபாய். வருகைக் கொடுப்பனவு 140 ரூபாய். இக்கடைசிப் படி, மாதத்திலே தோட்டம் வேலை கொடுத்த நாள்களில் நூற்றுக்கு 75 வீதம் வேலைக்கு வந்தவர்க்கே உரியது. ஊழியர் சேமலாப நிதிக்குக் கணக்கெடுக்கப்பட்டதோ அடிப்படைச் சம்பளமாகிய 450 மாத்திரமே.

மாதத்தில் 25 நாள் வேலை கொடுக்கப்பட்டிருந்தது. அதில் 75 வீதம் 18¾ நாள். முக்கால் நாள் என்று ஒன்று இல்லாமையால் 19 நாள் வந்தாக வேண்டும். அத்தாயார் வந்தது 18 நாள். இளைய பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு சில நாள், ஊரிலே ஒரு சாவுக்காக ஒரு நாள், இப்படியே கழிந்து, கடைசியாக நின்ற நாள் என்னைக் காண வந்த அந்த நாள்.

மேலதிகக் கொழுந்துக் காசையும் பிடிமானங்களையும் ஒதுக்கிக் கரும்பலகையிலே எழுதிப் பார்த்தேன். 18 நாளுக்கு 480 ரூபாய் வீதம் 8,640 ரூபாய். அந்த ஒருநாள் மலைக்குப் போயிருந்தால் 19 நாளுக்கு 620 ரூபாய் வீதம் 11,780 ரூபாய். ஒருநாளின் வேற்றுமை 3,140 ரூபாய். நாட்சம்பளம் 620 என்று எழுதியிருந்த ஒப்பந்தத்தில், ஒரே ஒரு நாளின் விலை அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல்! மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். கணக்கு மாறவில்லை.

பிள்ளைக்கு விளக்கினேன். அவள் கணக்கைப் புரிந்துகொண்டாள். என்னைக் குற்றஞ் சாட்டவுமில்லை. 'அப்ப அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் எப்படி? அவங்க அம்மாவவிடக் கொறைச்சல்தான் கொழுந்து எடுப்பாங்க' என்றாள். அந்த அக்கா 19 நாள் வந்தவர். ஒரு சுவர் நடுவே, ஓரடுப்பின் நெருப்பை மற்றோரடுப்புக்குக் கொண்டுபோய்ப் பழகிய இரு குடும்பங்கள் அவை. பிற்பாடு அறிந்தேன்: அம்மாதம் முழுவதும் இருவர்க்கும் பேச்சில்லை. கணக்கப்பிள்ளைக்கு வேண்டியவள் என்றும், நாளை ஏய்த்துப் பேர் போட்டுக்கொண்டாள் என்றும் சொல் பிறந்தது. உண்மையில் அவள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. ஒருநாள் கூடுதலாய் மலைக்குப் போனாள், அவ்வளவே. கொழும்பிலே ஒரு மேசையில் வகுத்த படி, பசறை மலையிலே இரண்டு அடுப்புகளுக்கு நடுவே சுவராய் எழுந்தது. அந்தச் சுவரில் ஒரு கல் யான் வைத்தது.

படி வகுத்தவர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டுமன்றோ? என்னிடம் படித்து இப்பொழுது தோட்டமொன்றிலே வெளிக்கள உத்தியோகத்தராயிருக்கும் மாணவர் ஒருவரிடம் ஒருநாள் இதனை எடுத்துரைத்தேன். 'சேர், படி இல்லாவிட்டால் இருபத்தைந்து கிலோ எடுப்பவளும் பத்துக் கிலோ எடுப்பவளும் ஒன்றாகிவிடுவார்கள். முதலில் கோபப்படுபவள் இருபத்தைந்து எடுப்பவள்தான். பிறகு அவளும் பத்தோடு நிறுத்திக்கொள்வாள்' என்றார். கொழுந்து எட்டு நாள், பத்து நாளுக்கு ஒருமுறை எடுக்கப்படாவிட்டால் முற்றிக் கெட்டுவிடும். ஆதலால் ஆட்கள் ஒழுங்காக வராவிட்டால் மலையே போய்விடும் என்றார். அவர் சொன்னதிற் பொய்யில்லை. விரைந்து பறிக்கும் பெண்களைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். மேலதிகக் கொழுந்துக்குத் தனிக் காசு வேண்டாம் என்று சொன்ன ஒருத்தியையேனும் யான் கண்டதில்லை. தன் கண்முன்னே நிறுத்து, தன் கண்முன்னே எழுதி, கூடுதலாய் எடுத்தவளுக்குக் கூடுதலாய்க் கொடுத்தால் அவர்களுக்கு அதிற் பகையில்லை. பொறாமை இருக்கலாம், பகை இல்லை. பிள்ளையின் காய்ச்சலையும் ஊர்ச் சாவையும் சோம்பலோடு ஒரே கணக்கிற் சேர்த்து, பத்தொன்பதாம் நாளிலே திடீரென்று மலையளவு உயரும் படியைக் கண்டாற்றான் மனம் கசந்து போகிறது.

விவிலியத்திலே திராட்சைத் தோட்டக் கூலியாளர் கதை ஒன்று உண்டு. விடியற்காலையில் வந்தவர்க்கும் பொழுது சாயும் வேளையில் வந்தவர்க்கும் தோட்டக்காரர் ஒரே காசைக் கொடுக்க, காலையில் வந்தவர் முறுமுறுத்தனர் என்பது கதை. அதிலிருந்தே தலைப்பை எடுத்து, ஆங்கில அறிஞர் ரஸ்கின் 1860இற் பொருளியற் கட்டுரைகள் எழுதினார். அந்நூலைக் காந்தியடிகள் 1904இல் தென்னாபிரிக்காவிலே இரயிலிற் படித்து, இரவெல்லாம் உறங்காது, விடிந்ததும் அதன்படி நடக்கத் துணிந்தார். பீனிக்ஸ் குடியிருப்பை நிறுவியபோது, அச்சுக் கோப்பவர்க்கும் எழுத்தாளர்க்கும் நிறமும் நாடும் பாராது மாதம் மூன்று பவுண் என ஒரே ஊதியம் வகுத்தார். அந்தக் காந்தியடிகள் 1927 நவம்பரில் கதர் நிதிக்காக இலங்கை வந்தபோது இந்தப் பதுளைக்கும் வந்தார். ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி, சிறுவர்க்கொரு கூலி என்று சட்டம் இயற்றப்பட்ட அதே ஆண்டு! தோட்டத்து மக்கள் தம் காசை அவர் கையிற் கொடுத்தனர். யார் கொடுத்தது எத்தனை சதக் கூலியிலிருந்து வந்தது என்று எவரும் எழுதிவைக்கவில்லை.

2014க்குப் பின்னர் படிகள் பலமுறை மாறின. 2016இல் அடிப்படை 500, விலைப்பங்கு 30, வருகைக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140 என நான்கு படியாகி 730 ரூபாய் ஆயிற்று. முன்னே நாளுக்கு இருந்த பெரும்படி இப்பொழுது கிலோவுக்கு மாறிற்று. ஒருநாள் தவறினால் முன்போல் வீழ்ச்சி இல்லை; ஆனால் நிறை தவறினால் உண்டு. 2019இல் வருகைப் படியும் உற்பத்திப் படியும் நீங்கி, அடிப்படை 700, விலைப்பங்கு 50 என 750 ரூபாய் ஏற்பட்டது. சேமலாப நிதிக்குரிய அடிப்படை 200 ரூபாய் உயர்ந்தது மெய். லயத்திலோ, '730 போய் 750. இருபது ரூபாய் கூட்டினாங்க' என்ற பேச்சே எழுந்தது. எல்லாப் படியிலும் ஏறக்கூடியவள் அப்படித்தான் கண்டாள். படியேற இயலாத முதியவளுக்கு அது பெரும் உயர்வு. ஒரே எண், இருவர்க்கு இரு பொருள். 2021 மார்ச்சிலே சம்பள நிருணய சபை வாயிலாக 900 ரூபாயும் 100 ரூபாய்ப் படியுமாக 1,000 ரூபாய் வந்தது. அதனோடு பல தோட்டங்களில் நிறை இருபது கிலோவுக்கும் மேலுமாக ஏற்றப்பட்டது என்ற முறைப்பாடும் வந்தது. அரைப்பேர் மீண்டும் ஊர்ப்பேச்சாயிற்று. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய். 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் அதனை 1,550 ஆக்கி, அரசாங்கத்தின் சார்பில் 200 ரூபாய் சேர்த்து 1,750 ஆக்க மொழிந்தது. அந்த 200 ரூபாய்க்கு இட்ட பெயர் வருகைக் கொடுப்பனவு. அந்தச் சொல்லைப் பத்திரிகையிற் கண்டபொழுது, எனக்குக் கரும்பலகையும் 3,140 ரூபாயும் நினைவுக்கு வந்தன.

ஆசிரியர்களாகிய நாம் இதனைத் தோட்டத்தார் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரே வகுப்பறையில், ஒரே பாடத்தை, ஒருவர் நிரந்தர ஆசிரியராயும் மற்றவர் ஆசிரிய உதவியாளராயும் கற்பித்த காலத்தை மலையகப் பாடசாலைகள் கண்டன. பின்னவர்க்கு மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாயாய்த் தொடங்கிப் பின் 10,000 ஆயிற்று. ஆசிரியர் ஓய்வறையிலே தேநீர்க் காசு சேர்க்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தவர் படி என்றால் என்ன என்பதை அறிவர். நம்மில் எத்தனைபேர் பார்த்தோம்?

அச்சம்பளச் சிட்டையைக் கண்ட பின்னர் பெற்றோர் கூட்டத்தை வேலைநாளில் வைப்பதை விட்டுவிட்டேன். அதிபரிடம் சொல்லி, மாலை நிறுவை முடிந்தபின் தோட்டத்துக் கோவில் மண்டபத்திலே கூட்டுவதாயிற்று. ஆசிரியர்கள் டோர்ச் விளக்கோடு மலையேற வேண்டியிருந்தது, சிலர் முணுமுணுத்தனர். முதற் கூட்டத்துக்கு ஏறத்தாழ எல்லாத் தாய்மாரும் வந்தனர். தலையிலே கூடைக் கயிற்றின் தழும்போடும், கைவிரல்களிலே கொழுந்துக் கறையோடும் வந்தனர். அவ்விரு அயல்வீட்டாரும் ஒரே பாயில் அமர்ந்திருந்தனர்; யாரோ எப்பொழுதோ சமாதானம் செய்துவைத்திருக்கிறார்கள்.

வரவுப் புத்தகத்தை எடுத்து வந்தவர் பெயரை ஒவ்வொன்றாய் எழுதினேன். என் மாணவியின் தாயார் முறை வந்ததும் அவர் எட்டிப் பார்த்து, 'ஐயா, இன்னைக்கு எனக்கு முழுப்பேர்தானே?' என்றார்.

பாயிலிருந்தோர் எல்லாரும் சிரித்தனர். முழுப் பெயரையும், தந்தை பெயரோடு, தெளிவாக எழுதினேன்.